மான்ஸ்டெரா பழம் மதீராவில் விலைபோவது ஏன்?

சென்னையோ கோவையோ, எந்த நர்சரிக்குள் நுழைந்தாலும் மான்ஸ்டெரா கண்ணில் படும். ஓரம் கிழிந்து நடுவில் ஓட்டை விழுந்த அந்தப் பெரிய இலைக்காகத்தான் வாங்குகிறார்கள். அதே செடியில் பழம் வரும், அதைச் சாப்பிடலாம், ருசியாகவும் இருக்கும் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கூடத்து மூலையில் தொட்டியில் நிற்கிற மான்ஸ்டெரா பெரும்பாலும் பூப்பதே இல்லை.

இந்தப் பழம் வழக்கமாகக் கடைக்கு வருகிற இடங்கள் உலகத்தில் மிகச் சில. அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீராத் தீவு அவற்றில் முக்கியமானது. செடியின் தாயகம் அதுவல்ல; மெக்சிகோவின் தென்பகுதி முதல் பனாமா வரையுள்ள ஈரக்காடுகள். டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் ஃபிரெடரிக் லீப்மன் இதை 1849-ல் அறிவியல் முறைப்படி விவரித்தார். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வெப்பமான ஊர்களிலெல்லாம் தோட்டங்களில் ஏறிவிட்டது. இந்தியாவுக்கு 1878-ல் வந்ததாகப் பதிவு உண்டு. போன இடங்களில் பெரும்பாலும் அழகுச் செடியாகவே நின்றுவிட்டது. மதீரா போன்ற சில இடங்களில்தான் பழமாகவும் சந்தை ஏறியது.

காரணம் தட்பவெப்பம்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அங்கே இதை விற்கிற விதத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதை விளக்கத்தான் இந்த ஆய்வு.

தீவும் சந்தையும்

மதீராவின் பரப்பு சுமார் 740 சதுர கிலோமீட்டர். கால்பந்து பார்க்கிறவர்களுக்கு ரொனால்டோ பிறந்த ஊர் என்றால் போதும். எரிமலையால் உண்டான தீவு. கடற்கரையிலிருந்து நேராக மலை எழுகிறது, உச்சி 1,862 மீட்டர். சமநிலம் என்பதே அரிது. அதனால் சரிவுகளில் கல் அடுக்கிப் படிப்படியாக நிலம் செய்திருக்கிறார்கள். மழை அதிகம் பெய்கிற வடக்குப் பக்கத்துத் தண்ணீரை வறண்ட தெற்குப் பக்கத்துக்குக் கொண்டுவர லெவாடா என்ற சிறு வாய்க்கால்களை மலையைக் குடைந்து வெட்டியிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள்.

தலைநகர் ஃபுன்சாலில் குளிர்காலச் சராசரி வெப்பநிலை 16, 17 டிகிரி. கோடையில் 22, 23. கடலோரத்தில் உறைபனி கிடையாது. 40 டிகிரி வெயிலும் கிடையாது. காட்டு மரத்தின் நிழலில் ஏறிப் பழகிய ஒரு கொடிக்கு இதைவிட இதமான இடம் அமைவது கஷ்டம். உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலே இதன் இலை கருகிவிடும். இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் தண்டே போய்விடும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில்கூடத் தென்கோடியில்தான் நம்பி வளர்க்கிறார்கள். மதீராவில் அந்தக் கவலை இல்லை.

ஃபுன்சாலின் விவசாயிகள் சந்தைக் கட்டடம் 1940-ல் திறக்கப்பட்டது. வாசலில் ஓவியம் தீட்டிய ஓடுகள், உள்ளே பூக்கடை, மீன்கடை, பழக்கடை. பழக்கடைகளில் பல வகைப் பேஷன் பழம், நம் சீத்தாவுக்கு உறவான செரிமோயா, குட்டையான உள்ளூர் வாழைப்பழம். இவற்றுக்கு நடுவே, உரிக்காத சோளக்கதிர் போல நீளமாக, பச்சையாக, மேலெல்லாம் அறுகோணச் செதில் பதித்த ஒன்று இருக்கும். அதுதான். உள்ளூரில் அதற்கு ‘வாழை அன்னாசி’ என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. அதைக் கேட்டுவிட்டு, வாழையையும் அன்னாசியையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய பழம் என்று ஊருக்குப் போய்ச் சொல்கிற சுற்றுலாப் பயணிகள் நிறைய. அப்படி எதுவும் இல்லை. வாழை ஒரு குடும்பம், அன்னாசி ஒரு குடும்பம், மான்ஸ்டெரா மூன்றாவது குடும்பம்.

அந்த மூன்றாவது குடும்பம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: சேம்பு, சேனை, கருணை எல்லாம் அதில் அடக்கம். மான்ஸ்டெராவின் நல்லதும் கெட்டதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காறல்

கருணைக்கிழங்கைப் புளி விடாமல் வேகவைத்துச் சாப்பிட்டவர்களுக்குக் காறல் என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். தொண்டை நமநமவென்று அரிக்கும், நாக்கு தடிக்கும். செடியின் திசுவுக்குள் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் செய்கிற வேலை அது. ஊசி வடிவத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில், கட்டுக்கட்டாக இருக்கும். கடிக்கும்போது வாயில் குத்தும்.

மான்ஸ்டெராவின் இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் இந்த ஊசிகள் உண்டு. பழுக்காத காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். நன்றாகப் பழுத்தபின் சதையில் காறல் போய்விடுகிறது. அப்போதும் சதைக்கு நடுவே கறுப்புத் துணுக்குகள் தென்படும். அவை பூவின் மிச்சம். சிலருக்கு அவை தொண்டையில் உறுத்தும். அரிதாக, நன்றாகப் பழுத்ததைச் சாப்பிட்டும் உடம்பில் தடிப்பு எழுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் இந்தப் பழத்தைத் தொடாமல் இருந்தால் நட்டம் ஒன்றும் இல்லை.

பதினான்கு மாதம்

பழத்தின் கணக்கு செடி மரம் ஏறுவதிலிருந்து தொடங்குகிறது. மான்ஸ்டெரா தரையில் கிடக்கும்வரை சின்னப் பிள்ளை. இலையில் ஓட்டைகூட விழாது. மரத்தைப் பற்றி மேலே போகப் போகத்தான் இலை பெரிதாகி, கிழிந்து, பூக்கும் வயதுக்கு வரும். காட்டில் 20 மீட்டர் உயரம்வரை போகக்கூடியது. முதிர்ந்த தண்டிலிருந்து கணுவோடு வெட்டிய போத்தை நல்ல மண்ணில், ஈரம் குறையாமல், அரை நிழலில் வைத்தால் சுமார் மூன்று ஆண்டில் முதல் பூவை எதிர்பார்க்கலாம். விதையிலிருந்து வளர்த்தால் இன்னும் தாமதம். அப்புறம் விதை கிடைப்பதும் கஷ்டம்: பெரும்பாலான பழங்களில் விதையே இருக்காது, இருந்தாலும் காயவைத்துப் பத்திரப்படுத்த முடியாது, முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும்.

பூ என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு வெண்ணிறப் பாளையும் அதற்குள் நிற்கும் தடித்த கதிரும். கதிர் முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். பாளை சில நாளில் காய்ந்து விழும், கதிர் பச்சையாக நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அன்றே காய் தயார் என்று தோன்றும். அங்கிருந்து பழம் முற்ற 12 முதல் 14 மாதம் ஆகும். அதாவது, இந்த வருடப் பூ விரியும்போது போன வருடக் காய் இன்னும் அதே செடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஓர் ஆண்டுக்கு மேல் ஒரு காய் செடியில் நின்றால் என்னென்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் பற்றாமல் போகலாம். ஒரு புயல் வரலாம். எலியும் அணிலும் கண் வைக்கலாம். ஃபுளோரிடாவில் உறைபனி, சூறாவளி இரண்டுக்கும் ஒரு காய் தப்ப வேண்டும். மதீராவில் லெவாடாத் தண்ணீரும் மிதமான குளிர்காலமும் இருப்பதால் காய் இந்த 14 மாதத்தை அதிகச் சேதமில்லாமல் கடந்துவிடுகிறது. தட்பவெப்பம் பாதிக் காரணம் என்றேனே, அந்தப் பாதி இதுதான்.

அடியிலிருந்து நுனிக்கு

மீதிப் பாதி, காயை அறுத்தபின் வருகிறது.

முற்றிய காயில் முதல் அடையாளம் காம்பை ஒட்டிய பகுதியில் தெரியும். பச்சை சற்று வெளிறும். அங்குள்ள செதில்கள் ஒன்றிலிருந்து ஒன்று இலேசாக விலகும். அப்போது காம்போடு அறுக்க வேண்டும். அதற்கு முன் அறுத்தால் ருசி வராது. அறுத்த பழத்தைக் காகிதத்தில் சுற்றியோ ஒரு பாத்திரத்தில் நிமிர்த்தி வைத்தோ அறை வெப்பத்தில் விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் அடிப்பகுதிச் செதில்கள் தாமாக உதிரத் தொடங்கும். கையால் தொட்டாலே விழும். கீழே தந்த நிறத்தில் சதை, முத்து முத்தாக, நடுத்தண்டோடு ஒட்டி இருக்கும். மணம் வீட்டை நிறைக்கும்.

ஆனால் அன்றைக்குப் பழுத்திருப்பது அடியில் இரண்டு மூன்று விரல் அளவுதான். அதற்கு மேலே உள்ள பகுதி இன்னும் காய். செதில் இறுக்கமாக இருக்கும், உள்ளே ஊசிகள் அப்படியே இருக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் உதிரும். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பழம் முழுதாகப் பழுத்து முடிய ஐந்தாறு நாள் பிடிக்கும். இதில் ஒரே விதிதான்: தானாக உதிர்ந்த செதிலுக்குக் கீழே இருப்பதை மட்டும் சாப்பிடலாம். கத்தியால் செதிலைச் சீவி எடுத்துச் சாப்பிட நினைப்பவருக்கு அந்தப் பழம் அன்றே பாடம் நடத்திவிடும்.

ருசி? அன்னாசியும் வாழையும் முதலில் நினைவுக்கு வரும், பின்னால் பலாச்சுளையின் ஒரு சாயல். பழத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். தொண்டையில் இறங்கும்போது வழுவழுப்பும் இனிப்பும் புளிப்பும் சேர்ந்து இருக்கும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டு நம் ஊர்ப் பழப் பாயசம் மாதிரி செய்தால் எடுபடும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் குளிரவைத்து அப்படியே சாப்பிடுவதை விட்டுவிட்டு அதைச் செய்ய மனம் வராது. உதிர்ந்த சதையை மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்தால் ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கும். நிறையக் கிடைத்தால் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கிளறி ஜாம் ஆக்கலாம்.

இப்போது ஒரு மொத்த வியாபாரியின் இடத்தில் நின்று இதே பழத்தைப் பார்க்க வேண்டும். வாழைத்தாரைப் பச்சையாக வெட்டி, பெட்டியில் அடுக்கி, கப்பலில் ஏற்றி, போய்ச் சேர்ந்த ஊரில், காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு நிரப்பிய அறையில் வைத்தால் எல்லாச் சீப்பும் ஒன்றாகப் பழுக்கும். மதீராவின் வாழை அப்படித்தான் போர்ச்சுகலின் பெருநிலத்துக்குப் போகிறது. மான்ஸ்டெராவில் எந்த நாளை எடுத்தாலும் பாதி பழம், பாதி காய். அறுத்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பெட்டியைத் திறக்கும்போது அடிப்பகுதி அழுகத் தொடங்கியிருக்கும், நுனி இறுகியிருக்கும், நடுவில் உதிர்ந்த செதில் குப்பை கிடக்கும். சூப்பர் மார்க்கெட் அடுக்கில் இதை வைத்தால், விவரம் தெரியாமல் வாங்கிப்போய் நுனியைக் கடித்தவர் எரிகிற வாயோடு அடுத்த நாளே கடைக்கு வருவார்.

ஒரே சரிவு நிலம், ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே கை உழைப்பு. வாழை கப்பல் ஏறுகிறது. மான்ஸ்டெரா உள்ளூர்ச் சந்தையோடு நின்றுவிடுகிறது. ருசி குறைவு என்பதால் இல்லை. வாங்குகிறவருக்குப் பக்கத்தில் நின்று, “இதை இன்று சாப்பிடுங்கள், இதை நாளைக்கு, பச்சையாக இருப்பதைத் தொடாதீர்கள்” என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்படுகிற பழம் இது. ஃபுன்சால் சந்தையில் அந்த ஆள் இருக்கிறார். பழுத்த பகுதியிலிருந்து ஒரு துண்டு எடுத்து நீட்டுகிறார், ருசி பார்த்தவர் வாங்குகிறார். சுற்றுலாப் பயணிகள் ஆண்டு முழுக்க வந்துகொண்டிருக்கும் தீவு. வேறெங்கும் பார்க்காத பழத்துக்கு அவர்கள் விலை கொடுக்கத் தயார். உற்பத்தி குறைவு என்பதே இங்கே சாதகமாகிவிடுகிறது. வீட்டுச் சுவரிலும் தோட்ட ஓரத்திலும் ஏறிக் கிடக்கிற கொடிகளிலிருந்து வருவதே இந்த அளவு வியாபாரத்துக்குப் போதும்.

ஃபுளோரிடாப் பல்கலைக்கழகம் மான்ஸ்டெராவுக்கென்று ஒரு வளர்ப்புக் கையேடு வெளியிட்டிருக்கிறது. அது வீட்டுத் தோட்டக்காரருக்கானது. வணிகப் பயிருக்கானது அல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களில்தான் காய்க்கிறது. மதீரா இந்த விதியை உடைத்துவிடவில்லை. விதியோடு ஒத்துப்போக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இலையின் போட்டி

பழத்துக்கு இன்னொரு எதிரி அதே செடியில் இருக்கிறது. ஒரு மான்ஸ்டெரா இலையை வெட்டிப் பூங்கொத்துக்காரரிடம் கொடுத்தால் அன்றே காசு. ஒரு கணுவை வெட்டித் தொட்டியில் வைத்தால் சில மாதத்தில் காசு. பழம் ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு. இலையை வெட்டிக்கொண்டே இருந்தால் செடிக்குச் சத்து சேராது, பழமும் வராது. எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், உலகம் இலையைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

கொரோனாக் காலத்தில் இந்த இலைமோகம் எல்லை மீறியது. 2021-ல் நியூசிலாந்தில், ‘மினி மான்ஸ்டெரா’ என்று விற்கப்படும் ஒரு செடியின் வெள்ளைத் திட்டு விழுந்த வகை, ஒன்பது இலையோடு, இணைய ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. அது மான்ஸ்டெராவே இல்லை, ராஃபிடோஃபோரா என்ற வேறு இனம். அந்தக் காசுக்கு ஃபுன்சால் சந்தையில் எத்தனை வருடம் பழம் சாப்பிடலாம் என்று கணக்குப் போடாமல் இருப்பது மனதுக்கு நல்லது.

நம் பக்கத்தில் முயன்றால்

முதலில் செடி சரியானதா என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன ‘மினி மான்ஸ்டெரா’, இலைக்குள் ஓட்டை மட்டும் விழுந்து ஓரம் கிழியாத அடான்சோனி, மரம் போல நிற்கிற கிழிந்த இலை பிலோடென்ட்ரான் எல்லாம் நர்சரிகளில் ஒரே பெயரில் கைமாறுகின்றன. பழத்துக்கு வேண்டியது, இதுவரை நாம் பேசிவந்த மான்ஸ்டெரா வகையான டெலிசியோசா மட்டுமே. முதிர்ந்த செடியில் இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்துக்கு அருகே, காம்பின் ஓரத்தில் சுருக்கம் வைத்த பாவாடைக் கரை மாதிரி ஒரு மடிப்பு தெரியும். அதைப் பார்த்து வாங்கலாம். பெயர் உறுதியாகத் தெரியாத செடியின் பழத்தை வாயில் வைக்கவே கூடாது.

சமவெளியில் மே மாத வெயிலும் வறட்டுக் காற்றும் இலையைப் பொசுக்கிவிடும். மாமரத்தடியில் தண்ணீர் வசதியோடு வைத்தால் வளரும். ஆனால் மதீராவோடு ஒப்பிடத் தகுந்தவை நடுத்தர உயர மலைகள்தான்: சிறுமலை, தாண்டிக்குடி, கொல்லிமலை, ஏற்காடு, கடலுக்கு அப்பால் கண்டிப் பக்கம். ஊட்டி வேண்டாம், அங்கே தாழ்வான இடங்களில் மார்கழியில் உறைபனி இறங்கும். காப்பித் தோட்டத்தில் நிழல் மரத்தில் மிளகு ஏற்றிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. மரத்தின் நிழல்பக்கத்தில் போத்தை நட வேண்டும். தொழுவுரமும் இலைச்சருகு மூடாக்கும் தாராளமாக வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது, காயவும் கூடாது. காற்றில் தொங்குகிற வேர்களை வெட்டாமல் மண்ணுக்கு இறங்க விட வேண்டும். மாவுப்பூச்சி, செதில்பூச்சி வரும். பெரிய தொல்லை இல்லை. அணில்தான் தொல்லை, கடைசி மாதங்களில் காய்க்கு வலை கட்டுவது நல்லது.

ஏக்கர் கணக்கில் போட்டால் கொள்ளை லாபம் என்று யாராவது வந்து சொன்னால் நம்ப வேண்டாம். கோயம்பேட்டுக்கு லாரியில் அனுப்பி ஏலம் விட முடிகிற பழம் இல்லை இது. மலைப்பகுதியில் தங்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கு, ஏற்கெனவே இருக்கும் சில்வர் ஓக் மரங்களில் பத்துக் கொடி ஏற்றிவிடுவது பொருந்தும். அன்றன்று உதிர்ந்த பகுதியை மட்டும் எடுத்து, கறுப்புத் துணுக்குகளைத் தட்டிவிட்டு, கிண்ணத்தில் வைத்துக் காலைச் சாப்பாட்டோடு கொடுக்கலாம். முழுப் பழத்தை வீட்டுக்கு எடுத்துப்போக விரும்புகிறவர்களுக்கு, நுனிச் செதிலும் தானாக விழும்வரை பொறுக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிப் பழத்தோடு கட்டி அனுப்புவது அவசியம்.